நாற்பது மீன்

பகலில் பல் செய்கிறேன்.
கயானி நகரத்து வாய்களுக்கு மேல்வரிசை, கீழ்வரிசை,
சில நாள் ஒற்றைக் கடைவாய்ப்பல்.
யார் வாய் என்று தெரியாது.
அச்சு வரும், பெயருக்குப் பதில் ஓர் எண்.

இரவில், கராஜில், கத்தி.
அறுக்கிற பக்கத்துக்கு
அங்கேயும் வாய் என்றுதான் பெயர்.

காந்தம் ஒட்ட மறுக்கும்வரை எஃகைச் சூடேற்றுவேன்.
எண்ணெயில் இறக்கும் அந்த மூன்று நொடி
மூச்சு விடமாட்டேன்.
கேட்கக்கூடாத ஒரு சத்தம் உண்டு.
கண்ணாடித் தம்ளரில் நகம் பட்டதுபோல
மெல்லிசாய் ஒரு 'டிங்'.
கேட்டால் முடிந்தது,
மூன்று வார வேலை விரிசல் விட்டுக் குப்பைக்கு.
போன மார்ச்சில் இரண்டு முறை கேட்டேன்.
இரண்டாம் முறை நான் சொன்ன வார்த்தைக்கு
பக்கத்து கராஜில் பனிச்சறுக்குக்கு மெழுகு பூசிய பையன்
ரேடியோவை அணைத்தான்.

தப்பியதைச் சமையலறை அவனில் வைப்பேன்,
இருநூறு டிகிரி, இரண்டு மணி நேரம்.
ஆறவிட்டு மறுபடி இரண்டு.
அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ரொட்டியும் வெண்ணெயும்.

பிடிக்கு பிர்ச் மரத்தின் பட்டை.
சதுரமாய் நறுக்கி, நடுவில் துளையிட்டு,
நூற்றுப் பத்துத் துண்டுகளை
ஒன்றின்மேல் ஒன்றாய் நெருக்கித் திருகவேண்டும்.
மைனஸ் முப்பதிலும் கையைக் கடிக்காது.
மெருகு மட்டும்
பல்லுக்கு ஏற்றுகிற அதே சக்கரத்தில்.
முதலாளிக்குத் தெரியாது.

அவுலிஸ் தொல்வானென் என்னிடம் ஏழு கத்தி வாங்கினார்.
வீட்டுக்கு அழைத்துக் காட்டினார்.
கண்ணாடிக்குப் பின்னால் முன்னூற்றுப் பன்னிரண்டு,
ஒவ்வொன்றின் கீழும் ஊர், ஆண்டு, எஃகின் பெயர்.
ஒன்றுகூட ஒரு வெங்காயத்தைப் பார்த்ததில்லை.
இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பார்கள்.
அவர் கை சும்மாதான் இருந்தது,
வெள்ளைப் பருத்தி உறைக்குள்.
என் ஏழும் அங்கே பல் தெரியாமல்
சிரித்துக்கொண்டிருந்தன.
அவர் மனைவி காபி கொண்டுவந்தார்.
கேக்கை வெட்டியது
பிளாஸ்டிக் பிடி போட்ட சூப்பர்மார்க்கெட் கத்தி.
அதன் வாய் மழுங்கி, கேக் பிய்ந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் என்னைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தார்.

செப்டம்பரில் ஒரு பார்சல்.
உள்ளே என் ஆறாவது கத்தி.
பட்டைப்பிடி ஒரு பக்கம் கறுத்து,
வாயில் அரிசியளவு ஒரு சில்லு போய்,
பித்தளைக்கும் பட்டைக்கும் நடுவே
காய்ந்த ஒரு மீன் செதில்.
தொல்வானெனின் அச்சடித்ததுபோன்ற கையெழுத்து:
'நான் ஓலுவுக்குப் போயிருந்த நாளில்
என் மனைவி இதை எடுத்து
நாற்பது முய்க்கு மீன் சுத்தம் செய்துவிட்டாள்.
மிகவும் வருந்துகிறேன்.
பழையபடி ஆக்க முடியுமா? செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்.'

செதிலை நகத்தால் தொட்டேன்.
எடுக்கவில்லை.
பதினோரு வருஷத்தில்
நான் செய்த ஒன்று எதை அறுத்தது என்று
எனக்குச் சேதி வந்தது அன்றைக்குத்தான்.
அதுவும் மன்னிப்புக் கடிதமாக.

சில்லை மட்டும் தேய்த்து எடுத்தேன், வாய் தீட்டினேன்.
கறுப்பை விட்டுவிட்டேன்.
'பழையபடி ஆகாது' என்று எழுதினேன்.
அதே உறையில் இன்னொரு தாள், மடித்து,
அவர் மனைவிக்கு:
உங்கள் வலது கையை ஒரு காகிதத்தில் வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள்.
இடதென்றால் இடது.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை.
அதற்குள் முதல் பனி விழுந்து கரைந்தது.
நாற்பத்திரண்டு கடைவாய்ப்பல் செய்தேன்.

பிறகு வந்தது.
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் ஓர் இடது கை.
சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே வளைந்திருந்தது,
கட்டைவிரல் பக்கம் பென்சில் நழுவி
இரண்டாம் முறை வரைந்திருந்தது.
கீழே பெயர்: ரவ்ஹா.
கத்தியை இனாமாய் வாங்கினால்
சிநேகத்தை வெட்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.
உள்ளங்கை நடுவில்
ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது,
முன்கூட்டியே,
ஐந்து சென்ட்.